முன்கேட் அத்தை

யார் எதைச் சொன்னாலும் அத்தைக்கு ஒரே கேள்விதான். "நீ பாத்தியா?"

பால்காரன் தண்ணீர் கலக்கவில்லை என்று குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், "நான் பாக்கலியே" என்பாள். பக்கத்துச் சாங்வியில் வீட்டு விலை ஏறிவிட்டதாம் என்று யாராவது ஆரம்பித்தால், "யாரு குடுத்தாங்க, யாரு வாங்கினாங்க, நீ பாத்தியா?" என்று அடக்கிவிடுவாள். வகுப்பில் மூன்றாவது ரேங்க் என்று நான் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்ன அன்று, ரேங்க் கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் என் கன்னத்தைத் தட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டு வயதுக் குழந்தை சொன்னால் நம்பக்கூடாதா? நம்பமாட்டாள்.

சொந்த அத்தை இல்லை. புனேயில் ராணுவத் தளவாடங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் குடியிருப்பில் எங்களுக்கு எதிர்வீடு. எந்தத் தொழிற்சாலை என்று எழுதப்போவதில்லை. அவள் இருந்திருந்தால் இவ்வளவு எழுதுவதற்கே என் காதைத் திருகியிருப்பாள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்கள் ஆட்கள் இந்த ஊரில் பழகிக்கொண்டவற்றில் ராக்கியும் ஒன்று. வருஷா வருஷம் அவள் என் அப்பாவுக்கு ராக்கி கட்டுவாள், அண்ணா என்பாள். அதனால் எனக்கு அத்தை. மற்ற எல்லோருக்கும் கேட் அக்கா.

அவளுடைய வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் வெடிமருந்து நிரப்பும் பிரிவில் இருந்தவர். ஒரு நாள் காலை ஷிஃப்டில் வெடித்துவிட்டது. வெளியிலிருந்து வரும் சரக்கை லாட் லாட்டாக, அதாவது தொகுதி தொகுதியாக, சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். அப்படிச் சோதித்ததில் ஒரு கெட்ட லாட் தப்பி வந்துவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதைப் பின்னாளில் கேட்டிருக்கிறேன். பெட்டியில் ஆணி அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூஞ்சியை ஒரு தரம் காட்டுங்கள் என்று அத்தை கேட்டாள். பார்க்க வேண்டாம் அம்மா, சிரித்த முகத்தையே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் வந்திருந்த அதிகாரி. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அத்தை பல வருஷங்கள் வரை வீட்டுக்காரரின் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வைத்திருந்தாள். யாராவது கேட்டால், "செத்துட்டாருன்னு சொன்னாங்க. நான் இன்னாத்த பாத்தேன்?" என்பாள்.

கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். சரக்கு லாரிகள் உள்ளே வரும் முன்கேட்டில் மேஜை நாற்காலி, ஒரு பெரிய ரிஜிஸ்டர். லாரி எண், வந்த நேரம், எந்தக் கம்பெனி, லோடு உண்டா இல்லையா என்று எழுதவேண்டும். லாரிகள் உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டு, ரயில் பாதைப் பக்கம் இருக்கும் பின்கேட் வழியாக வெளியேறிவிடும். பின்கேட்டில் வேறு ஆட்கள். அத்தைக்கு அங்கே வேலை இல்லை. இருபது வருஷம் உள்ளே வருவதை மட்டும் பார்த்தாள்.

இந்தப் பார்வையால் அவள் செய்த ஒரு காரியம் எங்கள் குடியிருப்பில் பிரசித்தம். என் சித்தி பெண்ணுக்கு ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பையன் ஒருவனைப் பார்த்திருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, பையனுக்குக் கெட்ட பழக்கம் இல்லை என்று தரகர் அடித்துச் சொன்னார். அத்தை லீவு போட்டாள். டப்பாவில் சப்பாத்தியும் பாஜியும் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, அந்தக் கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து போகிற வருகிற லாரிகளைப் பார்த்தாள். திரும்பி வந்து சித்தியிடம், "பையன் எப்பிடின்னு எனக்குத் தெரியாது. கம்பெனி பக்காவா கீது. பதினேழு லாரி உள்ள போச்சு. இன்னும் பத்து வருசத்துக்கு வேலை போவாது. குடு" என்றாள். பொண்ணைக் கம்பெனிக்கா கொடுக்கிறோம் என்று சித்தப்பா சிரித்தார். அந்தப் பையன் இப்போது சூப்பர்வைசராக ஓய்வுபெறப் போகிறான். அவன் நல்லவனா என்பது வேறு கதை.

தொண்ணூறுகளின் நடுவில் ஷேர் மார்க்கெட் என்ற பேச்சு தொழிற்சாலைக்குள்ளும் வந்தது. ஆண்கள் யாரோ சொன்ன கம்பெனிகளில் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அத்தை ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசைப் பெண்கள் ஏழு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தாள். என் அம்மாவும் போயிருந்தாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"நம்ம கேட்டுக்கு வர்ற கம்பெனிங்கள்ல எட்டு கம்பெனி ஷேர் மார்க்கெட்ல கீது. எட்டுலயும் சமமா போடுவோம். மாசம் ஆளுக்கு நூறு ரூபா" என்றாள்.

"எந்தக் கம்பெனி அக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"பேரு வேணாம். பச்சை லாரி, மஞ்சள் லாரி, சிங்கம் போட்ட லாரி, கதவுல சாமி படம் போட்ட லாரி. உனுக்குப் புரிஞ்சா போதும்."

"உள்ள நடக்கறத வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரே?"

"லாரி உள்ள இன்னா கீதுன்னு நான் சொன்னேனா? லாரி ரோட்டுல வருது. ரோட்டுல வர்றத பாக்கறதுல இன்னா குத்தம்?"

இப்படியாக எங்கள் வரிசையில் எட்டுப் பெண்களின் கூட்டு ஆரம்பமானது. வீட்டு ஆண்களுக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்று பேச்சு. அத்தை கேம்ப் பகுதியில் இருந்த ஒரு ஷேர் தரகரிடம் மாதாமாதம் போய்த் தன் பெயரில் வாங்கி வருவாள். வீட்டுக்காரருக்காகக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தையும் அவள் இதில்தான் சேர்த்தாள். குழாயடியில் பெண்கள் "நம்ம சிங்கம் நாலு ரூபா ஏறிச்சாம்", "சாமி லாரி படுத்துக்கிச்சு" என்று பேசிக்கொள்வதைக் கேட்டு ஆண்கள் ஏதோ லாட்டரி என்று நினைத்தார்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்தது. மொத்தத்தில் மெல்ல மெல்ல ஏறியது.

தொண்ணூற்றொன்பது கோடையில் எல்லையில் மலைமேல் சண்டை வந்தது. தொழிற்சாலையில் ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமையும் சைரன். முன்கேட்டில் லாரிகள் சாலை முனை வரை நின்றன. எட்டும் ஏறின. மூன்றாம் வீட்டுக்காரி பேடா வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். அத்தை மட்டும் எடுக்கவில்லை.

"எடு அக்கா. நம்ம லாரி எல்லாம் ஏறுது."

"ஏறட்டும். எங்கயோ ஒருத்தி வூட்டுக்குப் பெட்டி வருது. நான் அத்த நினைச்சுக்கினு எப்பிடி பேடா திங்கறது?"

பேடாக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குமே அத்தை மேல் கோபம் வந்தது. நான் பன்னிரண்டாவது முடித்திருந்தேன். ஒரு தனியார் எஞ்சினியரிங் கல்லூரியில் பணம் கட்டினால் இடம் கிடைக்கும் என்ற நிலை. அம்மாவின் கணக்குப்படி லாரிகள் இன்னும் கொஞ்சம் ஏறினால் நான் எஞ்சினியர். அப்பாவிடம் கேட்டால் கிடைக்காது, அவரிடம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அம்மா அத்தையிடம் போனாள்.

"எட்டுலயும் சமமா போட்டா இப்பிடித்தான் நத்தை மாதிரி ஏறும் அக்கா. அந்தப் பச்சை லாரி மட்டும் எப்பிடி ஏறுது பாரு. எல்லாத்தையும் அதுல போட்டிருந்தா இந்நேரம் இவ ஃபீஸ் வந்திருக்கும்."

அத்தை முடியாது என்றாள். அம்மா அழுதாள். நான் பக்கத்தில் நின்று, அழுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரம் டைம் குடு. பாத்துட்டு சொல்றேன்."

இரண்டு வாரம் பச்சை லாரியை மட்டும் குறித்தாள். பித்தளைச் சாமான் கொண்டுவருகிற கம்பெனி அது. ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா கடைக்குப் போயிருக்கிறாரா என்று உறுதிசெய்துகொண்டு அம்மாவிடம் சொன்னாள்.

"முன்னெல்லாம் வாரத்துக்கு ரெண்டு வண்டி. இப்ப ஆறு. எல்லாம் ஃபுல் லோடு. கண்ணால பாத்துட்டேன். போட்டுடலாம்."

மற்ற ஆறு பெண்களும் சரி என்றார்கள். ஏழு லாரிகளை விற்று எல்லாவற்றையும் பச்சையில் போட்டாள். வாழ்க்கையில் அவள் சமமாகப் பங்கு பிரிக்காத ஒரே தடவை அது. எனக்காக.

ஜூலை முடியும்போது சண்டை முடிந்தது. மற்ற ஏழும் கொஞ்சம் இறங்கி நின்றன. பச்சை லாரி நிற்கவில்லை. அந்தக் கம்பெனியின் சரக்கு தரமில்லை, அரசாங்கம் ஆர்டரை ரத்து செய்துவிட்டது என்று பேப்பரில் நாலு வரி வந்தது. விற்கப்போனால் வாங்க ஆள் இல்லை என்றார் தரகர். தினமும் அதே பதில். இரண்டு வாரத்தில் எட்டுப் பெண்களின் நாலு வருஷச் சேமிப்பு வெறும் காகிதமாகிவிட்டது.

அத்தை வீட்டில் எல்லோரும் கூடினார்கள். போன ஞாயிற்றுக்கிழமைகளில் டீ குடித்த அதே இடம். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தேன் பாத்தேன்னியே, இன்னாத்த பாத்த?" என்று கேட்டது என் அம்மாதான். "ஆறு வண்டி ஃபுல் லோடுன்னியே. தரமில்லாத கம்பெனிலருந்து எப்பிடி ஆறு வண்டி வரும்? பொய்தானே சொன்ன?"

"வந்துச்சு" என்றாள் அத்தை. எப்படி என்று அவளுக்கே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யாரும் அந்த முகத்தைப் பார்க்கிற நிலையில் இல்லை. கெஞ்சி அழுது பச்சையில் போடவைத்தது யார் என்று அம்மாவும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன்.

நான் எஞ்சினியர் ஆகவில்லை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சேர்ந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தால் எங்கள் கதவை அம்மா சாத்துவாள். குழாயடியில் அத்தை குடம் வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அந்த வருஷமும் ராக்கி அன்று அவள் வந்தாள். அப்பாவுக்குக் கட்டினாள். அப்பா கையை நீட்டியபடி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மானம் கெட்டவள், எந்த முகத்தோடு வருகிறாள் என்று அம்மா சமையலறையிலிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். நானும் தலையாட்டினேன். அதன்பிறகு அத்தையோடு ஆறு வருஷம் நான் பேசவில்லை. அது எப்படி என்னால் முடிந்தது என்று இப்போது யோசித்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பி.எஸ்ஸி.க்கு மேலும் படித்து, ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்று எங்கள் வாடிக்கையாளர். ஒரு துறையின் கம்பெனிகளையெல்லாம் ஒரே கூடையில் போட்டு, அந்தக் கூடையையே ஒரு ஷேர்போல மார்க்கெட்டில் விற்பார்கள். நாம் ஒரு யூனிட் வாங்கினால் எல்லாக் கம்பெனியிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கியதாகக் கணக்கு. எனக்கு வந்தது விமானம், ஏவுகணை, ராணுவத் தளவாடம் சார்ந்த கூடை. எந்தக் கம்பெனி எவ்வளவு பங்கு என்று கம்ப்யூட்டர் சரியாகப் பிரிக்கிறதா என்று சோதிக்கவேண்டும். முப்பது சொச்சம் வெளிநாட்டுப் பெயர்கள் கொண்ட பட்டியலை முதல் நாள் திறந்தபோது, எனக்குச் சிங்கமும் சாமி படமும் மஞ்சளும்தான் கண்ணில் தெரிந்தன. அவள் கேட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்ததைத்தான் இவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு விற்கிறார்கள்.

அத்தை ஓய்வுபெற்றுச் சாங்வியில் ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். ஒரு சனிக்கிழமை தேடிப் போனேன். அன்பினால் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை. நீ செய்த தப்பு என்ன என்று அவளுக்குக் காட்டவேண்டும் என்றுதான் போனேன்.

கதவைத் திறந்தவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இளைச்சுட்டே" என்றாள். அவலில் போஹா செய்து கொடுத்தாள். தின்றுகொண்டே என் அரைகுறைத் தமிழில் அந்தக் கூடையைப் பற்றி விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"முப்பது லாரியா? நல்லா கீது. யாரு பாக்கறாங்க?"

"யாரும் பாக்க வேணாம் அத்தை. கம்ப்யூட்டரே பிரிச்சுடும். எங்க ஃபண்ட்ல யாரும் ஒரே லாரிய நம்பி மத்தவங்க பைசாவைப் போடமாட்டாங்க."

சொல்லிவிட்டேன். ஆறு வருஷமாக வாயில் வைத்திருந்தது. அத்தையின் கை தட்டின்மேல் அப்படியே நின்றது.

"நல்லது. அப்பிடித்தான் இருக்கணும்" என்றாள். பிறகு, "அங்க பின்கேட்டுல யாரு நிக்கறாங்க?" என்று கேட்டாள்.

வயதாகிவிட்டது, எதையோ எதோடோ குழப்புகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். கம்ப்யூட்டருக்குக் கேட் எல்லாம் இல்லை அத்தை என்றேன். அவளும் சிரித்தாள். கிளம்பும்போது, "அப்பா சௌக்கியமா? கண்ணு நல்லா தெரியுதா அவுருக்கு?" என்று விசாரித்தாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் முற்பகல் அப்பா ஃபோன் செய்தார். அத்தை காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஊரிலிருந்து வந்துசேர ஆள் இல்லை என்பதால் பன்னிரண்டு மணிக்கே எடுக்கிறார்கள் என்றார். கம்பெனி காரில் ஏறினேன். ஹிஞ்சேவாடி முனையைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்கு முன்னால் ஒரு லாரி நின்றது, அதற்கு முன்னால் இன்னொன்று. இறங்கி ஓடவும் வழி இல்லை.

நான் போய்ச்சேர்ந்தபோது மின் தகன மேடையின் கதவு மூடியிருந்தது. வாசல் பெஞ்சில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். அம்மா எட்டத்தில் மற்றப் பெண்களோடு நின்றிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்தப் பச்சை லாரி லாட்டையெல்லாம் திருப்பி அனுப்பினது நான்தாம்மா."

அப்பா தொழிற்சாலைக்கு வரும் சரக்கைச் சோதிக்கும் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். வீட்டுக்கு வந்தால் கிரிக்கெட் பேசுவார், வெங்காய விலை பேசுவார். வேலையைப் பற்றி முப்பது வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மூணு மாசமா பித்தளையில வெடிப்பு. நான் ரிஜெக்ட் பண்ணி பின்கேட் வழியா அனுப்புவேன். அந்தக் கம்பெனிக்காரன் வேற லாட் முன்கேட் வழியா அனுப்புவான். அதையும் அனுப்புவேன். திரும்பவும் வரும். அதான் ஆறு வண்டி. உங்க அம்மா பணம் அதுல கீதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க எங்கிட்ட சொல்லல. நான் உங்ககிட்ட சொல்லல."

ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவர் அந்த லாரியை நம்பினார், ஒருவர் அதைத் திருப்பி அனுப்பினார்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"எல்லாம் முடிஞ்ச அடுத்த வாரம் யாரோ லீவுன்னு இவளை பின்கேட்டுல போட்டாங்க. ரிஜெக்ட் சீட்டு கட்டுகட்டா கீது, எல்லாத்துலயும் என் கையெழுத்து. சைக்கிள் ஸ்டாண்டாண்ட வந்து, இது உங்க கையெழுத்தா அண்ணான்னா. ஆமாம்மான்னேன். அப்பதான் எல்லாத்தையும் சொன்னா. வீட்ல நானே சொல்லிடறேம்மா, உன் மேல பழி வேணாம்னேன். கைய புடிச்சுக்கினா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சொல்லாதீங்க அண்ணா, அண்ணி உங்களை மன்னிக்க மாட்டாங்கன்னா. 'நீங்க திருப்பி அனுப்பினது நல்லது. அன்னிக்கு இந்த மாதிரி ஒருத்தர் கெட்ட லாட்டைத் திருப்பி அனுப்பியிருந்தா எங்க வூட்டுக்காரர் வீட்டுக்கு வந்திருப்பாரு. என் பணம் போனா போவட்டும்'னா. அடுத்த வாரம் ராக்கி கொண்டாந்து கட்டினா."

போஹா தட்டின்மேல் நின்றுபோன அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது. பின்கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று அவள் கேட்டது. அப்பாவுக்குக் கண் நல்லாத் தெரியுதா என்று விசாரித்தது. நான் சிரித்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிய வேணாம்னு அவ சொல்லியிருக்கா."

எட்டத்தில் நின்ற அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து போய் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"மூஞ்சி எப்பிடி இருந்துச்சு அப்பா? நான் பாக்கலயே."

"பாத்தேன். மாலையெல்லாம் எடுத்து வச்சுட்டு நல்லா பாத்தேன். தூங்கறாப்லதான் இருந்தா."

அவளாக இருந்தால் இதை நம்பியிருக்கமாட்டாள். நான் நம்பினேன். மூன்று மாதம் ஒவ்வொரு லாட்டாகப் பார்த்துத் திருப்பி அனுப்பிய கண் அது என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது.